என் வீட்டில் கேட்கும் ஆண்குரல் பற்றி

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம், உன் நலமும் உன் வீட்டார் நலமும் குறைவில்லாமல் இருக்கட்டும். வழக்கமாக 'அன்புள்ள' என்றுதான் தொடங்குவேன். அந்தச் சொல்லால் இந்த வாரம் நான் பட்டது போதும் என்று விட்டுவிட்டேன். அன்பில் குறைவொன்றும் இல்லை. காரணம் கீழே வருகிறது.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். என் வீட்டில் ஓர் ஆண்பிள்ளை இருக்கிறான், அவனோடு நான் காலையும் மாலையும் சண்டை போடுகிறேன் என்று மாடியில் குடியிருக்கும் அம்மாள் உன் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். உன் மனைவி அதை என் மருமகளிடம் சொல்ல, அவள் என் மகனிடம் சொல்லியிருக்கிறாள். ஆண்பிள்ளை யாரும் இல்லை. அது கம்ப்யூட்டர். பார்வை போன பிறகு, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்ல அதில் ஒரு குரலைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மௌஸ் எனக்கு ஆகாது; எல்லாம் விசைப்பலகைதான். ஒரு விசையைத் தட்டினால் அடுத்த இடத்துக்கு நகரும், நகர்ந்த இடத்தின் பெயரை அவன் சொல்வான். "இன்பாக்ஸ், இணைப்பு. அனுப்பு, பட்டன்." ராஜாவுக்கு முன்னால் பட்டப் பெயர்களைக் கூவிக்கொண்டு வருகிறவன்போல ஒவ்வொரு பட்டனுக்கும் கூவுவதால் அவனுக்குக் கட்டியக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறேன். பெண்குரலும் உண்டு. அது அச்சு அசலாக உன் மனைவியின் குரல்போல இருந்ததால் அன்றைக்கே மாற்றச் சொல்லிவிட்டேன். இந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டாதே.

மாடி அம்மாள் கேட்டது என்னவென்றால், கட்டியக்காரன் "நிரந்தரமாக அழிக்கட்டுமா?" என்று கேட்டான், நான் "அழிச்சுடாதடா பாவி, தொடாதே!" என்று கத்தினேன். உடனே அவள் இறங்கி வந்து கதவை இடித்தாள்.

"அக்கா! கதவத் திறங்க! யாரு உள்ள?"

"யாருமில்லம்மா. மெயில் பாத்துட்டிருக்கேன்."

"மெயில் பாக்கறதுக்கு எதுக்கு 'பாவி'ன்னு கத்தணும்?"

அவளும் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு மெயில் பார்க்கட்டும். அதைவிட மோசமான வார்த்தைகள் அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வரிசை தப்பினால் பொறுத்துக்கொள். போன வாரம் என் மகன் குடும்பத்துக்கே ஒரு மெயில் போட்டான் அல்லவா? "அம்மா இனிமேல் தனியாக இருப்பது சரியில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். எல்லாரும் உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள்." அந்த எல்லாரில் என்னையும் ஒருத்தியாகச் சேர்த்திருந்தான். என் வீட்டை என்ன செய்யலாம் என்று என்னிடமும் ஒரு அபிப்பிராயம் கேட்டதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அதற்கு முதல் ஆளாக நீ எல்லாருக்கும் பதில் போட்டாய். கட்டியக்காரன் வாசித்தான்: "பார்க்கலாம்." வேறு ஒன்றும் இல்லையா என்று கீழே கீழே போய்ப் பார்த்தேன். உன் பெயரும், நீ ஓய்வு பெற்ற அலுவலகத்தின் பெயரும், அதில் நீ வகித்த பதவியும்தான் இருந்தன.

உனக்கு மட்டும் மனம் விட்டு ஒரு பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இங்கேதான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு இரண்டு புத்தி உண்டு. எழுதும் கட்டத்துக்குள் இருந்தால் நாம் தட்டுவது எழுத்தாக விழும். கட்டத்துக்கு வெளியே இருந்தால் தட்டுகிற ஒவ்வொரு விசையும் ஒரு கட்டளை. ஒன்று கடிதத்தை அழிக்கும், ஒன்று கண் காணாத இடத்தில் கொண்டுபோய்ப் போடும், ஆங்கிலத்தின் முதல் எழுத்து இருக்கிறதே, அது 'எல்லாருக்கும் பதில்' என்ற கட்டத்தைத் திறந்துவிடும். நாம் உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று கண்ணுள்ளவர்களுக்குப் பார்த்தாலே தெரியும். என்னைப் போன்றவர்களுக்காக ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் 'டொக்' என்று கேட்கும். உன் மெயிலைத் திறந்து 'பதில்' என்ற பட்டன்மேல் போய் நின்று என்டரை அழுத்தினேன். டொக் என்றது. கட்டியக்காரன் நான் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிச் சொல்கிறவன். பள்ளியில் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நாம் சொல்வதையே சொல்லிக் கேலி செய்யும் பெண்போல. அவன் பேச்சுக்கு நடுவில் எனக்கு யோசனை ஓடாது. அதனால் அவன் வாயை மூடும் விசையையும் அழுத்திவிட்டேன். பிறகு நிம்மதியாக 'அன்புள்ள' என்று தட்ட ஆரம்பித்தேன். தமிழை ஆங்கில விசைகளால்தானே தட்டுகிறோம்? 'அ'வுக்கு எந்த விசை என்று நீயே பார்த்துக்கொள்.

தம்பி, அந்த டொக் கம்ப்யூட்டரிலிருந்து வரவில்லை. என்டர் சரியாகப் பதியவே இல்லை; எல்லாருக்குமான கட்டத்தைத் திறந்தது நான் தட்டிய முதல் எழுத்து.

மனசு திறந்து எழுதினேன். எழுதி முடித்து, அனுப்பிவிட்டு, பெருமூச்சு விட்டு, கட்டியக்காரனைப் பேச விட்டேன். "அனுப்பப்பட்டது. பெறுநர்கள், மகன் மற்றும் பதினொருவர். திரும்பப் பெறு, பட்டன்." அவன் குரலில் ஒரு பதற்றம் இருக்க வேண்டாமா? ரயில் தாமதம் என்று அறிவிக்கிற மாதிரி சொல்கிறான். அந்தத் திரும்பப் பெறும் பட்டன் கொஞ்ச நேரம்தான் இருக்குமாம். அதைப் பிடிக்க ஓடினேன். ஓடுவது என்றால் டேப் விசையைத் தட்டுவது. "தேடு, எழுதும் பகுதி." தட்டு. "உதவி, பட்டன்." தட்டு. "அமைப்புகள், பட்டன். விரிக்கப்படவில்லை." விரியாட்டி போகட்டும், தள்ளு! "இன்பாக்ஸ், இணைப்பு." "நட்சத்திரமிட்டவை, இணைப்பு." வீடு பற்றி எரிகிறபோது வழியில் ஒவ்வொருவரையும் எனக்கு அறிமுகம் செய்து வைக்கிறான். அவசரத்தில் ஒரு தட்டு கூடப் போய்விட்டது. தாண்டிவிட்டேனோ என்று பின்னால் வந்தேன். பட்டன் இல்லை. போய்விட்டது.

அனுப்பியவை இருக்கும் பெட்டிக்குப் போய், என்னதான் எழுதினேன் என்று அவனையே வாசிக்கச் சொன்னேன். எழுதும்போது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. அவன் வாயால் கேட்டபோதுதான் தெரிந்தது. "மருமகளுக்குச் சமைக்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை, அவள் அதை நாம் சாப்பிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் கஷ்டம்." "சம்பந்தி சிரிக்கும்போது பல்செட் முதலில் சிரிக்கிறது." "மூத்த நாத்தனார் வாயைத் திறந்தால் எனக்குப் பார்வையோடு காதும் போயிருக்கலாமே என்று தோன்றும்." காற்புள்ளி வரும் இடத்தில் நிறுத்தி, முற்றுப்புள்ளியில் மூச்சு விட்டு, ஒன்றும் நடக்காததுபோல வாசித்தான். உன்னைப் பற்றியும் இருந்தது. அதை விடு.

இதற்கெல்லாம் பயமில்லை. மருமகள் அழுவாள், நாத்தனார் கத்துவாள், சம்பந்தி பல்லை மாற்றுவார். பயம் கடைசிப் பத்திக்குத்தான். நீ என் தம்பி என்பதால், உன்னிடம் மட்டும் சொல்வதாக நினைத்து, குளியலறைக் கதவுக்கு நான் தாழ்ப்பாள் போடுவதில்லை என்று எழுதியிருந்தேன். ஒரு நாள் சோப்பு வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து, விழுந்தால் யாராவது உள்ளே வர வேண்டுமே என்று திறந்தே வைக்கிறேன். யார் வருவார்கள் என்று கேட்காதே. பகலிலும் பயமாக இருக்கிறது, ஆனாலும் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன், என்று எழுதினேன். இத்தனை வருஷம் ஒருவரிடமும் 'பயம்' என்ற சொல்லை நான் சொன்னதில்லை. அவர் போன அன்றுகூடச் சொல்லவில்லை. அதை அந்தக் கட்டியக்காரன் பட்டன் பெயர் சொல்கிற குரலிலேயே சொன்னான். மகன் அந்த ஒரு வரியைப் படித்தால் போதும். அபிப்பிராயம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். கார் எடுத்துக்கொண்டு வந்துவிடுவான்.

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க வருகிறாரே வாத்தியார், அவருக்கும் பார்வை கிடையாது, அவருக்குப் போன் போட்டேன்.

"சார், போன மெயிலத் திருப்பி எடுக்க முடியுமா?"

"போனது போனதுதான் மேடம். அவங்க படிக்கறதுக்கு முன்னாடி அவங்க பெட்டியிலேர்ந்துதான் அழிக்கணும். நான் சொல்லிக் குடுத்தேனே, டொக்னு சத்தம் வந்தப்பறம்தான் தட்டணும்னு?"

"வந்தது சார். காதால கேட்டேன்."

"கம்ப்யூட்டர்லேர்ந்து வந்துதா, வேற எங்கேர்ந்தாவது வந்துதா?"

அந்த நேரம் பார்த்து மாடியில் டொக் என்றது. மாடி அம்மாள் டாக்டர் சொன்னார் என்று இரும்புக் குண்டு தூக்குகிறாள், தூக்கியதைக் கீழே போடுகிறாள்.

"இதோ, இங்க வரைக்கும் கேக்குது மேடம். இப்ப யாருக்கு எழுதப் போறீங்க?" என்றார் வாத்தியார். சிரிக்கவில்லை என்று சாதித்தார். எனக்குக் கேட்டது.

அன்றிலிருந்து ஒருவரிடமிருந்தும் ஒரு சத்தமும் இல்லை. போன் அடிக்கவில்லை, மெயில் வரவில்லை. எல்லாரும் ஓரிடத்தில் கூடி உட்கார்ந்து என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது. தெருவில் கார் நின்றால் மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்கிறேன். கார்க்கதவு மூடும் சத்தம் வந்தால் எழுந்துபோய் வாசல் தாழ்ப்பாளைத் தடவிப் பார்க்கிறேன். நேற்று கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்து வெளியே வைத்தேன். யாராவது பார்த்தால் கிளம்ப நானே ஒத்துக்கொண்ட மாதிரி இருக்குமே என்று மறுபடி உள்ளே தள்ளினேன். காலில் இடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. என் மகன் வீடு உனக்கு இரண்டு தெரு தள்ளித்தானே? சும்மா பார்க்க வந்தேன் என்று போ. சாப்பாட்டு மேஜைமேல் கம்ப்யூட்டரைத் திறந்தே வைத்திருப்பான், அது அவனுடைய கெட்ட வழக்கம். அவன் சட்டை மாற்ற உள்ளே போகும்போது என் மெயிலை அழித்துவிடு. திறக்காமல் அழி. மற்றவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்குக் கண் இருக்கிறது, மௌஸ் இருக்கிறது, ஒரு சொடுக்கில் முடியும். 'பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லிவிடாதே.

இதைக் கம்ப்யூட்டரில் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. பழைய தமிழ் டைப்ரைட்டரில் அடிக்கிறேன். கான்வென்ட்டில் டைப்பிங் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், விசையைப் பார்க்கக் கூடாது என்று எங்கள் கைகளின்மேல் துணியைப் போட்டு மூடிவிடுவார். அந்தத் துணி இப்போது இடம் மாறி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த மெஷினில் எந்த விசையைத் தட்டினாலும் அந்த எழுத்துதான் விழும். வேறு ஒரு வேலையும் செய்யாது. பிழை இருந்தால் ரிப்பனைச் சொல்.

உனக்கும் உன் மனைவிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொள். எல்லாரும் சௌக்கியமாக, என்மேல் கோபம் இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: உறை ஒட்டும் நேரத்தில் மகன் போன் செய்தான்.

"அம்மா, நீ ஏதோ மெயில் போட்டிருக்கியே, முக்கியமா ஏதாவது?"

"நீ படிக்கலையா?"

"நீளமா இருந்துதும்மா. அப்பறம் படிக்கலாம்னு வெச்சேன்."

"உன் பொண்டாட்டி?"

"அவளா? குடும்ப மெயில் எதையும் அவ தொறக்கறதே இல்ல. ஒருத்தரும் எதுக்கும் பதில் போடலம்மா, மாமா ஒருத்தரத் தவிர. அவரும் 'பார்க்கலாம்'னுட்டாரு. அதனால இப்போதைக்கு ஒண்ணும் இல்ல, நீ அங்கயே இரு. அப்பறம் பாப்போம்."

வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. அழித்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு. "இப்பவே படிடா. அவளையும் பக்கத்துல உக்கார வெச்சுப் படி. பல்செட்டோட நிறுத்திடாதே, குளியலறை வரைக்கும் படி." வைத்துவிட்டேன். பன்னிரண்டு பேர் இருக்கிற குடும்பத்தில் நான் பயப்படுகிறேன் என்று எழுதியிருக்கிறேன், நீளம் என்கிறார்கள்.

ஆகவே நீ அங்கே போக வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம். மேலே டைப் அடித்ததை எல்லாம் நானே கோடு போட்டு அடித்துவிடலாம் என்றால் எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று எனக்குத் தெரியாது. நீயே விட்டுவிட்டுப் படித்துக்கொள். கார்க்கதவு சத்தத்துக்கு மறுபடி காது வைத்திருக்கிறேன். இப்போது வந்தால் பயமா வராவிட்டால் பயமா என்று சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பன்னிரண்டு பேரில் நீயும் ஒருத்தன். என் மெயிலை நீ படித்தாயா இல்லையா என்று எனக்கு எழுத்தில் பதில் போடு.