சிஸ்டர் கடைத் தேன்

தேன் வாங்கப் போனவனின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தேன் கிடையாது" என்று திருப்பி அனுப்புகிற கடைக்காரர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் குமரி மாவட்டத்தில், தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற வழியில், ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரமாக இருக்கிறார். சொந்தப் பெயர் என்னவென்று பாஸ்போர்ட்டுக்கும் ரேஷன் கார்டுக்கும் தெரிந்திருக்கும். ஊருக்கு அவர் சிஸ்டர். குவைத்தில் பதினெட்டு வருஷம் நர்ஸாக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டதாக அவர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கடை வாசலில் 'பண்ணைத் தேன் விற்பனை நிலையம்' என்று போர்டு தொங்கும். ஊர்க்காரர்கள் அதை ஆஸ்பத்திரி என்பார்கள். நாகர்கோவிலிலிருந்து ஸ்கூட்டரில் முதல் தடவை போன எனக்கு இந்த விவரம் தெரியாது. உள்ளே ஒரு மரப்பெஞ்சு, அதில் நாலு பேர். கதவருகே நின்ற ஒல்லியான மனிதர் என் கையில் நம்பர் எழுதிய அட்டை ஒன்றைத் திணித்தார். அவர் சிஸ்டரின் கணவர். முன்பு ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், இப்போது ஊர் வாயில் கம்பவுண்டர். இந்த உத்தியோகத்துக்கு அவர் மனுப் போட்டதாகத் தெரியவில்லை.

என் முறை வந்தது. சிஸ்டர் ஒரு தடிமனான நோட்டில் பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு, என்ன தொந்தரவு என்று கேட்டார். தொந்தரவு ஒன்றும் இல்லை, தேன் வேண்டும் என்றேன்.

"தொந்தரவு இல்லாதவியளுக்கு எதுக்காக்கும் தேனு?"

சும்மா சாப்பிடத்தான் என்றேன். சும்மா சாப்பிடுகிறவர்களால்தான் நாடு கெட்டுப்போகிறது என்பது போல என்னைப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். பி.பி. பார்த்தார். சர்க்கரை உண்டா என்று கேட்டதற்கு, எல்லையில் நிற்பதாக டாக்டர் சொன்னார் என்று உளறிவிட்டேன். அவ்வளவுதான். எனக்குக் கிடையாது, என் மனைவிக்கு வேண்டுமானால் சின்ன பாட்டில் ஒன்று தரலாம், அதுவும் அவரே நேரில் வந்தால். ஒரு கிளாஸ் எலுமிச்சைத் தண்ணீர் மட்டும் சும்மா கிடைத்தது. முப்பது கிலோமீட்டர் திரும்பி வரும்போது எனக்கு வந்த கோபத்தில் பி.பி. நிச்சயம் ஏறியிருக்கும். ஆனால் அடுத்த சனிக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். நண்பர் வீட்டில் ஒருதரம் தொட்டு நக்கிப் பார்த்த அந்தத் தேனின் ருசி அப்படி.

கடைக்குப் பின்னால் இருபது தேனீப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். பெட்டி என்று சொன்னால் சிஸ்டருக்குப் பிடிக்காது. பெட். ஒன்றாம் நம்பர் பெட் முதல் இருபதாம் நம்பர் பெட் வரை, ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை தொங்கும். காலையிலும் மாலையிலும் ரவுண்ட்ஸ். தேங்காய் மட்டை புகைகிற தகரக் குவளையோடு கம்பவுண்டர் பின்னால் போவார். ஒருநாள் ஏழாம் நம்பர் அட்டையைப் படித்துப் பார்த்தேன். 'பசி நல்லா உண்டு. கோபம் கூடுதல். ராணி நடமாட்டம் திருப்தி. கம்பவுண்டருக்கு இரண்டு கொட்டு.' பார்வையாளர் நேரம் மாலை நாலிலிருந்து ஐந்து. தேனீக்களைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்காதீர்கள். வருகிறார்கள்.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்த சென்னைக்காரர் ஒருவர், முறைக்குக் காத்திராமல் ஒரு பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். தேனில் முக்கிய குச்சி எரிந்தால் அசல், எரியாவிட்டால் போலி என்று யாரோ போனில் அவருக்கு வீடியோ அனுப்பியிருந்தார்கள். சிஸ்டர் தீப்பெட்டியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவருடைய கையில் பட்டையைச் சுற்றினார். தேனைப் பரிசோதிக்க வந்தவர் பரிசோதிக்கப்பட்டார். பி.பி. எக்கச்சக்கம். அன்று அவர் தேன் இல்லாமல், எங்கே போய் யாரைப் பார்க்க வேண்டும் என்ற சீட்டோடு போனார். இரண்டு மாதம் கழித்து, நல்லவேளையாகச் சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னதாக, சென்னையிலிருந்து கூப்பிட்டு நன்றி சொன்னாராம். சிஸ்டர், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பெரிய சண்டை என்றால் அது சேனைச் சண்டை. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கிற சேனைச் சடங்கு எங்கள் பக்கத்தில் இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் உண்டு. ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கொடுத்தால் ஆபத்து என்பது சிஸ்டர் படித்த படிப்பு. பக்கத்து ஊரிலிருந்து ராஜம்மை அத்தை என்று ஒருவர், தம்பி மகனுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று ஆட்டோவில் வந்து இறங்கினார். சிஸ்டர் தேன் தரமாட்டேன் என்றுவிட்டார். நாற்பது பிள்ளைகளுக்குச் சேனை தொட்ட கை இது என்று அத்தை கையை நீட்டினார். சிஸ்டர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து, நகம் வெட்ட வேண்டும் என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்றோம்.

அரைமணி நேரம் போனது. கடைசியில் சிஸ்டரே ஒரு வழி சொன்னார்.

"பிள்ளைக்க அம்மைக்க நாக்குல வையுங்க. பாலு வழியா பிள்ளைக்குப் போய்ச் சேரும். சடங்கும் ஆச்சு, பிள்ளையும் சுகமா இருக்கும்."

அத்தை யோசித்தார். பாட்டிலை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லாமல் ஆட்டோவில் ஏறினார். இன்றைக்கு அந்தச் சுற்று வட்டாரத்தில் சேனை அம்மாவுக்குத்தான். காலங்காலமாக அப்படித்தான் வழக்கம் என்று ராஜம்மை அத்தையே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படி ஊரையெல்லாம் விரட்டி வியாபாரம் செய்கிறாரே, பிழைப்பு நடக்க வேண்டாமா என்று ஒருதரம் கேட்டேன். அன்று கூட்டம் இல்லை. சிஸ்டர் பாட்டில்களைத் துடைத்தபடி சொன்னார். கல்யாணமான மறுமாதம் குவைத்துக்குப் போனவர். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. பதினெட்டு வருஷத்தில் கணவரோடு ஒரே வீட்டில் இருந்தது மொத்தம் பதினெட்டு மாதம். வந்த புதிதில் கம்பவுண்டருக்குச் சாயாவில் சர்க்கரை எவ்வளவு என்று அவரிடமே கேட்க வேண்டியிருந்ததாம். பழைய ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதும் கூப்பிடுகிறார்கள், இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார். வரவில்லை என்று சொல்லத்தான் போகிறார். இருபது பெட்டியும் இந்த வருஷம் நன்றாக இருக்கின்றன, ரப்பர் கொழுந்து விட்டதும் தளிர்க் காம்புகளில் தேன் ஊறிக் கொட்டும், அது போதும் இங்கேயே இருந்துவிட. கேலிக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தவன், நானும் ஒரு பாட்டிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

அது தை மாதம். தோட்டமெல்லாம் இலை உதிர்ந்து மொட்டையாக நின்றது. அடுத்த சனிக்கிழமை பத்து மணி வாக்கில் போனபோது, ரோட்டிலேயே ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. வாசனை என்பது மரியாதைக்காகச் சொல்வது. தரை துடைக்கிற லோஷனின் நெடி கண்ணைக் கரித்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் சிஸ்டர் முகமூடி, கையுறையோடு நிற்கிறார். பதினாலாம் நம்பர் பெட்டில், தேனீயாக வேண்டிய புழுக்கள் நாலைந்து செத்துக் கிடந்திருக்கின்றன. தொற்று மற்றவர்களுக்குப் பரவக்கூடாது என்று, விடிந்ததிலிருந்து இருபது பெட்டிகளையும் உள்ளும் புறமும் லோஷனில் துடைத்துவிட்டார். ஒரு நல்ல நர்ஸ் என்ன செய்வாரோ அதைச் செய்தார். ஒரு தேனீக்காரர் கனவிலும் செய்யமாட்டாத காரியம் அது. கம்பவுண்டர் புகைக் குவளையோடு பக்கத்தில் நின்றார். பிறகுதான் தெரிந்தது, வேண்டாம் என்று காலையில் இரண்டு தடவை அவர் சொல்லியிருக்கிறார்.

முதலில் ஏழாம் நம்பர் கிளம்பியது. பெட்டிக்குள்ளிருந்து குடத்தைக் கவிழ்த்த மாதிரி தேனீக்கள் கொட்டின, எழும்பின, சுழன்றன, ரப்பர் மரங்களுக்கு மேலே போய் மறைந்தன. பின்னாலேயே பன்னிரண்டு, மூன்று, பத்தொன்பது. ஒரு மணி நேரத்தில் இருபது பெட்டியும் காலி. நோயாளிகள் அத்தனை பேரும் சொல்லாமல் கொள்ளாமல் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார்கள். இதை நான் வேறு எந்த நாளிலும் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை.

சிஸ்டர் கடைக்குள் வந்து, நாங்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றவில்லை.

"எனக்க கையாலயே எல்லாத்தையும் விரட்டிப்போட்டேன் சாரே. நான் குவைத்துக்கே போறேன். அங்க உள்ளதுதான் எனக்குத் தெரியும்."

கம்பவுண்டர் குவளையைக் கீழே வைத்தார். நாலு வருஷமாக நான் போய்வருகிறேன், அவர் முழுசாக ஒரு வாக்கியம் பேசி அதுவரை கேட்டதில்லை.

"போவண்டாம். பதினெட்டு வருஷம் நான் ஒண்ணும் பறையல்ல. இப்பம் பறையுதேன். போவண்டாம்."

நான் வெளியே போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கடை போன் அடித்தது, நான் எடுத்தேன். ராஜம்மை அத்தை. அவருடைய மாட்டுத் தொழுவத்து உத்திரத்தில் ஒரு கூட்டம் தேனீ வந்து தொங்குகிறதாம். "உங்க ஆளுவளா இருக்கும், வந்து கூட்டிட்டுப் போங்க, மாடு மிரளுது" என்றார். போனை வைப்பதற்குள், நகம் வெட்டியாயிற்று என்றும் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிஸ்டர் தேன் கொடுத்தவர், கொடுக்காதவர், திட்டு வாங்கிக்கொண்டு போனவர் எல்லோருடைய போன் நம்பரும் அந்தத் தடிமன் நோட்டில் இருக்கிறது. நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூலம், மூட்டுவலி, இருமல், தூக்கமின்மை என்று பக்கம் பக்கமாக ஊரின் அந்தரங்கம். அத்தனை பேரையும் கூப்பிட்டு, வீட்டுச் சன்ஷேடு, பலாமரம், கிணற்றடி எல்லாம் ஒருதரம் பார்க்கும்படி கெஞ்சினேன். சர்ச் போதகர் மறுநாள் ஆராதனை முடிந்ததும் அறிவிப்புக் கொடுத்தார். அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற நிழல்தாங்கலில் ஒலிபெருக்கியிலேயே சொன்னார்கள். முன்பு சிஸ்டரோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்த ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், கழுத்து வரை துணியைச் சுற்றிக்கொண்டு மாமரத்தில் ஏறிவிட்டார். இறக்குவதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

லோஷன் பட்ட பெட்டிகள் ஆகாது என்பதால், தேனீக்களைக் குடிவைக்க ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பழப்பெட்டி, பழைய பானை, மூடி போன அரிசி டப்பா. கம்பவுண்டர் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, மடியில் பானையை வைத்துக்கொண்டு வந்தார், போன இடமெல்லாம் இறங்கி வெறுங்கையால் தேனீக்களை அள்ளினார். ராணியைத் தேடிப் பிடித்து உள்ளே விடுகிற அந்த விரல்களின் பொறுமையை சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்தார். திருத்தம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாளில் பதினொரு கூட்டம் சேர்ந்தது. அதில் எத்தனை அவருடைய பழைய நோயாளிகள், எத்தனை வழியோடு போனவர்கள் என்று யாருக்குத் தெரியும்? வந்ததையெல்லாம் அட்மிட் செய்துகொண்டார்.

பிறகு எனக்கு வேலை நெருக்கடி, ஒன்றரை மாதம் போக முடியவில்லை. போனிலும் கேட்கவில்லை. கேட்கப் பயம் என்பதுதான் உண்மை. பதினொன்று என்பது இருபது இல்லையே, மாதக் கடைசியில் என்ன பதில் சொன்னாரோ என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை போனேன். ரப்பரெல்லாம் செம்புநிறத் துளிர் விட்டிருந்தது. ஸ்கூட்டரை நிறுத்தும்போதே உள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது. கொதிக்கிற தண்ணீரில் தேன் விட்டுக் குடித்த ஒரு மனிதரை, அவர் பரம்பரையோடு சேர்த்துக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கதவருகே கம்பவுண்டர் நின்றார். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"அவ போவல்ல."

அன்று எனக்குத் தேன் தேவையே இல்லை, வீட்டில் இரண்டு பாட்டில் திறக்காமல் இருந்தது. இருந்தாலும் அட்டையை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர், எல்லோரையும் சிஸ்டர் ஆற அமரத் திட்டி முடிக்கட்டும் என்று சந்தோஷமாகக் காத்திருந்தேன்.