நான் ராகி தூற்றிய ஞாயிற்றுக்கிழமை

பொய் சொல்வதில் எனக்கு ஒரு குறை உண்டு. கேட்பவர் முகம் மலர்ந்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இன்னும் கொஞ்சம் மலரட்டுமே என்று மேற்கொண்டு இரண்டு வாக்கியம் சேர்த்துவிடுவேன். மாட்டிக்கொள்வது எப்போதும் அந்த இரண்டு வாக்கியத்தில்தான்.

பெண் பார்க்கப் போன அன்றும் அதுதான் நடந்தது. தொண்ணூறுகளின் கடைசி. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அடுகோடியில் ஒரு லேத் பட்டறையின் மாடி அறையில் மூன்று பேர் குடியிருந்தோம். பெண் வீடு லிங்கராஜபுரத்தில். மூன்று தலைமுறையாகப் பெங்களூர்த் தமிழர்கள். பெண்ணின் அப்பா மாநில அரசில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலங்கள் கட்டியவர். பேச்சிலும் தேவைக்கு மேல் ஒரு கம்பி இருக்காது.

காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "ஊர்ல நிலம் நீச்சு ஏதாவது இருக்குங்களா?"

திருப்பத்தூரில் என் அப்பாவுக்கு ஃபோட்டோ ஸ்டுடியோ. எங்களுக்குச் சொந்தமான ஒரே வயல், ஸ்டுடியோவின் பின்சீலையில் பெயிண்டால் வரைந்திருந்த வயல்தான். அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"இருக்குங்க. கொஞ்சந்தான்."

அவர் முகம் மலர்ந்தது. (இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.)

"ராகி போடுவோம்" என்றேன்.

"அப்படியா? யார் பாத்துக்கறாங்க?"

"லீவுக்குப் போனா நான்தாங்க. அறுக்கறது, தூத்தறது எல்லாம்."

அப்பாவுக்குப் புரையேறியது. பஸ்ஸில் திரும்பும்போது ஷிவாஜிநகரில் இறங்குவதற்கு முன் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "எந்த வயல்டா? நம்ம சீலையில இருக்கே, அதுவா?"

நிச்சயதார்த்தம் நடந்தது. தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. என் பொய்யை எல்லோரும் மறந்திருப்பார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். கார்த்திகையில் ஒருநாள் கீழே பட்டறை போனுக்கு எனக்கு அழைப்பு வந்தது. மாமனார்தான்.

"மாப்பிள்ளை, வீடு கட்ட வாங்கிப் போட்ட நம்ம சைட்டு ரெண்டுலயும் இந்த வருஷம் ராகி போட்டிருந்தேன். உங்ககிட்ட சொல்லல. அடிச்சு சாக்குல கட்டி வெச்சாச்சு. தூத்தணும். ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. தெரிஞ்ச ஆள் நீங்க இருக்கும்போது நான் எதுக்கு வேற ஆளத் தேடணும்?"

அவர் இன்னொன்றும் சொன்னார். கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தாம்பூலத்தோடு ஒரு படி ராகி கொடுக்கப் போகிறாராம். வாழ்க்கையில் முதல் விளைச்சல். மஞ்சள் பை நூற்றைம்பது தைத்து வந்துவிட்டதாம்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஆபீஸில் வேலை ஓடவில்லை. அறையிலிருந்த மற்ற இருவரும் எனக்குக் குறையாத பட்டணத்துப் பையன்கள். ஒருவன் மட்டும் "முறத்துல போட்டு இப்படிப் பொடைப்பாங்கடா, நான் பாத்திருக்கேன்" என்று கையை ஆட்டிக் காட்டினான். எங்களிடம் முறம் இல்லை. காலண்டர் அட்டையில் அரிசியைக் கொட்டி நான்கு நாள் பழகினேன். அரிசி மேலே போனது உண்மை. திரும்பி வந்தது பாதிதான். மீதியை அடுத்த மாதம் வரை படுக்கையில் கண்டெடுத்துக்கொண்டிருந்தோம். ஆனாலும் சனிக்கிழமை வாக்கில் மணிக்கட்டு கொஞ்சம் படிந்துவிட்டது போலிருந்தது. முறம் என்றால் சமாளித்துவிடலாம் என்று ஒரு தைரியம் வந்தது.

ஞாயிறு காலை சைட்டில் போய் இறங்கினால், அங்கே முறம் இல்லை.

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பின்னால் இருந்த புது லேஅவுட் அது. ராகி அறுத்த கட்டாந்தரையின் நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு மரப்பெட்டி நின்றது. மேலே கல்லாப்பெட்டியைக் கவிழ்த்தது போல ஒரு வாய், பக்கத்தில் இரும்புக் கைப்பிடி, பின்னால் அகலமாகத் திறந்த இன்னொரு வாய். கிராமபோனுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் பிறந்த குழந்தை மாதிரி இருந்தது.

"தூத்துற மிஷின். நம்ம முனியப்பாவோடது" என்றார் மாமனார். முனியப்பா பக்கத்து ஊர் விவசாயி. ராகியை அறுத்து, அடித்துக் கொடுத்ததும் அவர்தான். "உங்க ஊர்ல இது இருக்குங்களா?"

"இதே மாதிரி இல்லைங்க. கொஞ்சம் சின்னது" என்றேன். (பாருங்கள், அப்போதும்.)

மாலதியும் வந்திருந்தாள். நிச்சயமானபின் நாங்கள் பார்த்துக்கொள்வது அது இரண்டாம் முறை. தலையில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, காலிச் சாக்கோடு நின்றாள். நான் மிஷினை இரண்டு முறை சுற்றி வந்து, பலகையைத் தட்டிப் பார்த்து, "ம்" என்றேன். என்ன செய்ய வேண்டும் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் சுற்றினேன்.

முனியப்பா சொல்லவும் செய்தார். மேல் வாயில் கொட்டினால் காற்று பதரைப் பின்னால் தள்ளும், ராகி கீழே விழும் என்று கையால் காட்டிவிட்டு, கைப்பிடியைத் தொட்டுச் சொன்னார்: "ஜோராகி பேட சாமி. ராகி ஹாரி ஹோகத்தே."

பலமாகச் சுற்ற வேண்டாம், ராகி பறந்துவிடும் என்று அர்த்தம். 'பேட' என்றால் வேண்டாம் என்பது பெங்களூருக்கு வந்த முதல் வாரமே எனக்குத் தெரியும். ஆனால் நான் அப்போது தெரிந்தவன் மாதிரி தலையாட்டுவதில் மும்முரமாக இருந்தேன். காதில் விழுந்தது 'ஜோரா' மட்டுந்தான்.

மாமனார், முனியப்பாவைக் கூட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு இட்லி வாங்கப் போனார். "நீங்க ஆரம்பிங்க மாப்பிள்ளை. தெரிஞ்சவங்க பக்கத்துல நின்னு தொந்தரவு பண்ணக் கூடாது."

ஆரம்பித்தேன். மாலதி மேலே கொட்டினாள், நான் சுற்றினேன். பெட்டிக்குள் விசிறி உறுமியது. பின்வாயிலிருந்து புகை மாதிரி தூசி கிளம்பியது. எனக்கு ஒரே ஆச்சரியம், வேலை செய்கிறதே. உற்சாகத்தில் இன்னும் வேகமாகச் சுற்றினேன். கல்யாணம் நிச்சயமான பெண் பக்கத்தில் நிற்கும்போது மெதுவாகச் சுற்ற எந்த ஆணுக்கு மனம் வரும்?

முதல் சாக்கு முடிந்தது. மாலதி குனிந்து பார்த்தாள்.

"என்னங்க, கீழ ஒண்ணும் பெருசா விழலையே."

"மொதல்ல பதர் போகும். ராகி அப்புறந்தான் வரும்."

"அப்படியா?"

"எங்க ஊர்ல அப்படித்தான்."

இரண்டாவது சாக்கு, மூன்றாவது சாக்கு. ராகி அப்புறமும் வரவில்லை. தூசியின் சுணை கழுத்துக்குள் இறங்கி உடம்பெல்லாம் அரித்தது. ஒரு கையால் சொறிந்துகொண்டு மறு கையால் சுற்றினேன். நான்காவது சாக்கு பாதியில் இருக்கும்போது மாலதி என் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினாள். பின்னால் போய் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து உள்ளங்கையை விரித்தாள். பதரோடு பதராகச் சிவப்புச் சிவப்பாக ராகி.

"இது பதருங்களா?"

என் முகத்தில் என்ன இருந்ததோ, அவள் காலிச் சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். இருவரும் பின்பக்கம் ஓடிப்போய்க் கையால் வாரினோம். எங்கள் சைட்டில் விழுந்ததில் கொஞ்சம் தேறியது. ஆனால் பின்வாய் பார்த்து நின்றது பக்கத்து சைட்டை. நடுவில் சுவர் கிடையாது, கம்பி வேலிதான். அங்கே நஞ்சுண்டப்பா என்ற பள்ளிக்கூட வாத்தியார் வீடு கட்டிக்கொண்டிருந்தார். எட்டுத் தூண்கள் எழும்பி, சிமென்ட் இறுகுவதற்காக ஈரச் சாக்கு சுற்றி நின்றன. வேலியோரம் ஆறடி தூரத்தில் நான்கு. பறந்த ராகியெல்லாம் மண்ணில் கலந்து மறைந்துவிட்டது என்று நினைத்தேன். தூண்களை நான் பார்க்கவேயில்லை.

மாமனார் இட்லியோடு வந்தார். ஒன்றரைச் சாக்காவது தேறும் என்று கணக்குப் போட்டிருந்தவர், முக்கால் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"பதர் ஜாஸ்திங்க மாமா" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். போச்சு, கல்யாணம் இங்கேயே முடிந்தது என்று நினைத்தேன்.

"ஆமாப்பா" என்றாள் மாலதி. "பதர்தான் ஜாஸ்தி."

முனியப்பா மட்டும் கீழே கிடந்ததைக் கால் விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மிஷினை வண்டியில் ஏற்றினார்.

திங்கட்கிழமை ஆபீஸில் நான் சொறிந்த சொறியைப் பார்த்து, அம்மை என்று மேனேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆனால் சுணையைவிடப் பெரிய அரிப்பு புதன்கிழமை வந்தது. மாமனார் அடுகோடிக்கே நேரில் வந்து மூன்று பக்கம் கையால் எழுதிய ஒரு கடிதத்தைக் கொடுத்தார். விதை கொடுத்த கடைக்காரர் மேல் புகார். மட்டமான விதை, முக்கால்வாசி பதர், மற்ற விவசாயிகளும் ஏமாறாமலிருக்க அவர் மேல் நடவடிக்கை வேண்டும். கடைசிப் பத்தியில், 'பரம்பரையாக ராகி பயிரிடும் என் மாப்பிள்ளையும் இதை நேரில் கண்டு உறுதி செய்துள்ளார்' என்று என் பெயர் இருந்தது.

"கம்ப்யூட்டர்ல அடிச்சு, நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. இந்த மாதிரி ஆளுங்கள சும்மா விடக் கூடாது."

அந்தக் கடைக்காரரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் கண்ணை மூடினால் வந்து நின்றார். வழுக்கைத் தலை, காதில் பேனா, கூடவே இரண்டு பெண் குழந்தைகள். (எல்லாம் என் கற்பனை.) கடிதத்தை டிராயரில் வைத்துப் பூட்டினேன். மாமனார் போன் செய்யும்போதெல்லாம் ப்ரிண்டர் ரிப்பேர் என்றேன். ஒரு வாரத்தில் ஐந்து முறை ரிப்பேர் ஆனது அந்த ப்ரிண்டர். "என்ன கம்பெனி மாப்பிள்ளை அது?" என்று அவர் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

பத்தாம் நாள் போனில் குரல் வேறு மாதிரி இருந்தது. "சைட்டுக்கு வாங்க. ஒண்ணு காட்டணும்."

போனேன். மாமனார், மாலதி, நஞ்சுண்டப்பா மூவரும் நின்றிருந்தார்கள். வேலியோரத் தூண்கள் நான்கும் பச்சையாக இருந்தன. இடுப்பு உயரம் வரை, சுற்றியிருந்த சாக்கில் நெருக்கமாக, விரல் நீளத்துக்கு முளைத்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது ராகி. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினால் வேறென்ன செய்யும்?

"பில்லர்னல்லி பைரு பந்திதே சார்" என்றார் நஞ்சுண்டப்பா, தூணில் பயிர் வந்திருக்கிறதென்று. கோபமில்லை, பயந்திருந்தார். "நானு ஹாக்கில்ல." தான் விதைக்கவில்லை என்பதை எங்களிடம் நிரூபிக்க வேண்டும் போலிருந்தது அவருக்கு.

மாமனார் ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரைத் துடைத்து, உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"மாப்பிள்ளை, பதர் முளைக்குமா?"

"முளைக்காதுங்க."

"அப்ப இது?"

"ராகிங்க."

அதன்பின் நான் நிறுத்தவில்லை. உண்மையிலும் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று அன்றுதான் தெரிந்தது. வேகமாகச் சுற்றியது, நிலமே இல்லாதது, ஸ்டுடியோ, சீலை, காலண்டர் அட்டை எல்லாம் சொன்னேன். நஞ்சுண்டப்பாவுக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனாலும் காலண்டர் அட்டை வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமனார் நான்கு தூண்களையும் சுற்றி வந்தார். பாலத்தில் விரிசல் தேடுகிறவர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அப்பா, நானுந்தான் பதர்னு சொன்னேன்" என்றாள் மாலதி.

"நீ ஏம்மா சொன்ன?"

"நீங்க கல்யாணத்த நிறுத்திடுவீங்களோன்னு."

அவர் என் பக்கம் திரும்பினார். "அந்த லெட்டர்?"

"அனுப்பலைங்க. ப்ரிண்டர் நல்லாத்தான் இருக்கு. டிராயர்ல பூட்டி வெச்சிருக்கேன்."

"ஏன் அனுப்பல?"

"அவர் ஒண்ணும் பண்ணலையே மாமா."

அவர் கையிலிருந்த நாற்றைத் திரும்ப அந்தச் சாக்கிலேயே செருகினார். அது நிற்காமல் விழுந்தது. "ஒரு மனுஷன் பேரக் கெடுக்காம விட்டீங்க. அந்த மட்டும் சரி" என்றார். கொஞ்சம் நடந்துவிட்டு நின்றார். "ஸ்டுடியோவாவது நெஜமா?"

"அது நெஜங்க."

"அப்ப கல்யாணத்துக்கு உங்கப்பாவே ஃபோட்டோ எடுக்கட்டும்."

கல்யாணத்தில் நூற்றைம்பது மஞ்சள் பைகளிலும் ஒரு படிக்குப் பதில் அரைப்படிதான் இருந்தது. அளந்து போட்டது நான். ஏன் குறைந்தது என்று கேட்ட ஒவ்வொரு சொந்தக்காரரையும் மாமனார் மணமேடைக்கே அனுப்பிவைத்தார், "மாப்பிள்ளையே சொல்லுவார்" என்று. கழுத்தில் மாலையோடு பதினேழு பேருக்கு அந்தக் கதையைச் சொன்னேன்.

அன்று தூணருகே மாமனார் கேட்ட கேள்வி மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. ஹோம்வொர்க் முடித்துவிட்டேன் என்று மகள் சொன்னால் மாலதி நிமிர்ந்து பார்க்காமல் கேட்பாள்: "முளைக்குமா?" பாதி நாள் முளைக்காது. போன மாதம் டாக்டரிடம் சர்க்கரைக்குக் காட்டப் போயிருந்தோம். தினமும் வாக்கிங் போகிறீர்களா என்றார். போகிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"தினம் நாலு கிலோமீட்டர், டாக்டர். மழை பெஞ்சாலும் விடறதில்ல."

பக்கத்து நாற்காலியிலிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "முளைக்குமா?"

டாக்டர் எதையும் புரிந்துகொள்ளாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கொஞ்ச நேரம் சுவரிலிருந்த கண் பரிசோதனை அட்டையைப் படித்தேன். பிறகு, "வாரத்துல ரெண்டு நாள்" என்றேன்.