யார் கை காட்டினாலும்

தாமோதரன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். மைதானத்தில் ஒருவன் காதிலும் அது விழவில்லை. ஒரு பக்கம் முழுக்கத் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நின்றுகொண்டு, நகர முடியாத கோபத்தையெல்லாம் ஹாரனில் காட்டிக்கொண்டிருந்தன.

"அமீரு, பின்னால வா. டேய், பின்னாலடா."

அமீருதீன் முன்னால் ஓடினான். அவன் மட்டுமா? கோல்கீப்பரைத் தவிர மொத்த அணியும் பந்து கிடந்த மூலைக்கு ஓடியது. இலவச வேட்டி கொடுக்கிற இடத்தில்கூட அப்படி ஒரு நெரிசல் இருக்காது. அந்தக் கும்பலுக்குள்ளிருந்து பந்து எப்படியோ நழுவி வெளியே வந்தது. எதிரணிக்காரன் ஆளில்லாத மைதானத்தில் அதை நிதானமாக உருட்டிக்கொண்டு போய் கோலுக்குள் விட்டான்.

எர்ணாவூர்ப் பக்கம் இருக்கிற ஒரு கன்டெய்னர் யார்டில் தாமோதரன் சூப்பர்வைசர். யார்டின் கால்பந்து அணிக்குக் கோச்சும் அவர்தான். கால்பந்தின் மேல் இருந்த காதலால் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார் என்று யாராவது நினைத்தால், அது அவர்கள் நல்ல மனசு. கோச்சாக வருபவருக்கு ராத்திரி ஷிப்ட் கிடையாது என்று ஜி.எம். சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தாமோதரன் கையைத் தூக்கிவிட்டார்.

பின்னே என்ன? கல்யாணமான நாளிலிருந்து ராத்திரி முழுக்க கன்டெய்னரோடு குடும்பம் நடத்தியவர் அவர். பகலில் தூங்கலாம் என்று படுத்தால் தெருவில் தண்ணீர் லாரி, பக்கத்து வீட்டில் மிக்சி. இப்போதுதான் பொழுது சாய வீட்டுக்கு வந்து, மனைவி மலர் பக்கத்தில் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடும் பாக்கியம் கிடைத்திருந்தது. அந்தப் பாக்கியத்துக்குத்தான் இப்போது ஆபத்து.

மேட்ச் முடிந்ததும் ஜி.எம். கூப்பிட்டார்.

"தாமு, கம்பெனி மானம் போகுது. லீக்ல கடைசி இடம் வந்தீங்கன்னா டீமைக் கலைச்சிடுவேன். நீங்க பழையபடி நைட் ஷிப்ட் பார்க்க வேண்டியதுதான்."

"சார், பசங்கள நான் மாத்தி காட்றேன் சார்."

"மாத்துங்க. எப்படின்னு எனக்கும் பார்க்க ஆசைதான்."

அன்று மாலையே தாமோதரன் வேலையை ஆரம்பித்தார். கூடத்துத் தரையில் வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் அணியாக நிறுத்தி, அவற்றின் நடுவே குந்திக்கொண்டார்.

"அந்த சொம்ப குடு. தண்ணி மொள்ளணும்," என்றாள் மலர்.

"அது கோல்கீப்பர்."

"அப்போ டம்ளராவது குடு."

"அது அமீரு. இப்பதான் ஒயுங்கா ஒரு எடத்துல நிக்கிறான், அவன கலைக்காத."

மலர் உள்ளங்கையில் பிடித்துத் தண்ணீர் குடித்தாள். "தோத்துட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டாள்.

"இன்னா ஆவும், மறுபடி நைட்டு ஷிப்ட்தான். உன்ன ராவெல்லாம் தனியா உட்டுட்டு போவணும்."

மலர் பெருமூச்சு விட்டாள். இவளுக்காகவாவது ஜெயிக்க வேண்டும் என்று தாமோதரன் முடிவு செய்துகொண்டார்.

வழி மறுநாள் யார்டிலேயே கிடைத்தது. கிரேனுக்குக் கீழே நின்ற ஆள் ஒரு விரலை மேலே காட்டிச் சுழற்றினான். கன்டெய்னர் மேலே போனது. கையைப் பக்கவாட்டில் நீட்டினான். அது அந்தப் பக்கம் திரும்பியது. காதைப் பிளக்கும் அந்த இரைச்சலில் ஒரு வார்த்தை பேசாமல் இத்தனை பெரிய இரும்புப் பெட்டியை ஆட்டி வைக்கிறான். அணியில் இருந்த அத்தனை பேரும் கிரேனும் ஃபோர்க் லிஃப்டும் ஓட்டுகிறவர்கள். கை ஜாடையைக் கண்டால் யோசிக்காமல் கீழ்ப்படிவது அவர்கள் ரத்தத்தில் ஊறியது.

"இனிமே கத்த மாட்டேன். வெரல மேல சுத்துனா எல்லாம் முன்னால போங்க. கீய சுத்துனா பின்னால வாங்க. கைய நீட்டுனா அந்த பக்கம் பாஸ்," என்றார் தாமோதரன்.

"ரெண்டு கையும் நீட்டி வீசினா, நைனா?" என்று கேட்டான் அஜின். அவன் கிரேன் ஓட்டுகிறவன். அணியில் கோல் அடிக்கத் தெரிந்த ஒரே ஆளும் அவன்தான்.

"அது யார்டுல இன்னா?"

"அவசர ஸ்டாப்பு."

"இங்கியும் அதான். யாரு எங்க நிக்கிறான்னு பாத்து நான் சரி பண்ணணும் இல்ல?"

வீட்டிலும் பயிற்சி நடந்தது. விரல் மேலே சுழன்றால் காபி. கீழே சுழன்றால் டி.வி. சத்தத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு கையும் வீசினால் செய்கிற வேலையை அப்படியே நிறுத்த வேண்டும். பையன்களைவிட மலர் சீக்கிரமாகவே கற்றுக்கொண்டாள்.

அடுத்த மேட்சில் யார்டு அணியை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கும்பல் போன இடம் தெரியவில்லை. ஆளுக்கோர் இடத்தில் நின்றார்கள். பந்து இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று அலுங்காமல் போனது. அஜின் அதைப் பத்திரமாகக் கோலுக்குள் இறக்கி வைத்தான். ஜெயித்துவிட்டார்கள். ராயபுரத்து ஐஸ் ஃபேக்டரி அணியின் கோச் தவசிமுத்து வேடிக்கை பார்க்க வந்திருந்தார். எழுந்து வந்து கை கொடுத்தார்.

"இன்னா மாமு, கோவில் திருவியா மாதிரி சத்தம் போட்டுகினு ஆடுவானுங்க. இப்போ ஒருத்தன் வாயத் தொறக்கல?"

"அதெல்லாம் டேக்டிக்ஸ்," என்றார் தாமோதரன். அவர் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்கடுத்த மேட்சில், கோட்டுக்கு வெளியே மீன் கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். காக்காய் வந்தது. அந்த அம்மாள் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டி வீசி விரட்டினார். யார்டு அணி மொத்தமும் நின்ற இடத்தில் நின்றது. எதிரணி கோல் அடித்தது. காக்காய் மறுபடி வந்தது.

"மீன்காரம்மா காக்காய ஓட்டுனா நீங்க ஏன்டா நிக்கிறீங்க?"

"அவசர ஸ்டாப்ப யார் காட்டுனாலும் நிக்கணும், நைனா. யார்டு ரூல்," என்றான் அமீருதீன். சட்டப்படி அவன் சொன்னது சரிதான். அதுதான் தாமோதரனுக்கு ஆத்திரமாக வந்தது.

"இனிமே என்ன மட்டும் பாருங்க. வேற எவனையும் பாக்காதீங்க."

பார்த்தார்கள். அடுத்த மேட்ச் முழுக்க அவரை மட்டுமே பார்த்தார்கள். பந்தைக்கூடப் பார்க்கவில்லை. கோச்சின் முகத்தைப் பக்தியோடு பார்த்துக்கொண்டு நின்ற அமீருதீனின் பின்மண்டையில் பந்து பட்டுத் தெறித்து, சொந்த கோலுக்குள் போய் விழுந்தது. அஜின் அவரைப் பார்த்தபடியே ஓடி, மூலைக் கொடிக்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

தாமோதரனுக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்து யோசித்து இன்னொரு வழி கண்டுபிடித்தார். ஜாடையைத் தலைகீழாக மாற்றிவிட்டால்? இரண்டு கையும் வீசினால் நிற்கக் கூடாது. ஓங்கி அடிக்க வேண்டும். காக்காய் ஓட்டினால்கூட நமக்குத்தான் லாபம். பையன்கள் வாரம் முழுக்க அதைப் பழகினார்கள். நன்றாகவே பழகிவிட்டார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் யார்டில் அஜின் கன்டெய்னரை இறக்கிக்கொண்டிருந்தான். கேன்டீன் தள்ளுவண்டியை அதற்குக் கீழே நிறுத்திவிட்டு, வண்டிக்காரர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். கீழே நின்றவன் பதறிப்போய் இரண்டு கையையும் நீட்டி வீசினான். அஜின் ஒரே போடாகப் போட்டான்.

வண்டிக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. மொத்த ஷிப்டின் சாம்பார் சாதமும் தரையோடு தரையாகப் போனது. பசியோடு நின்ற அத்தனை பேரும் தாமோதரன் குடும்பத்தில் ஒருவரையும் விடாமல் கெட்ட வார்த்தையில் நலம் விசாரித்தார்கள்.

யார்டின் பாதுகாப்பு அதிகாரி சுஜா மேடம் அணி மொத்தத்தையும் வகுப்பில் உட்கார வைத்தார். தாமோதரனை முதல் வரிசையில் உட்கார வைத்தார்.

"ஸ்டாப்னா ஸ்டாப். யார் காட்டினாலும் ஸ்டாப். காட்டினவங்களே மறுபடி ஓடச் சொல்ற வரைக்கும் ஒரு விரல் அசையக் கூடாது. கிரவுண்டுலயும்தான். எங்க, கையை நீட்டிச் சொல்லுங்க."

எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். மீறினால் வேலை போய்விடும் என்பதும் உறுதிமொழியோடு சேர்த்துச் சொல்லப்பட்டது.

கடைசி மேட்ச், தவசிமுத்து அணியோடு. ஜெயித்தால் கடைசி இடத்திலிருந்து தப்பலாம். டிரா ஆனாலும் போச்சு. காலையில் தாமோதரன் பதற்றத்தில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"எங்கனா மயக்கம் போட்டு வியுந்து வைக்கப்போற. இரு, நானும் வரேன்," என்றாள் மலர்.

அவள் ஒருநாளும் மைதானத்துக்கு வந்ததில்லை. தாமோதரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மைதானத்தில் ஜி.எம். இருந்தார். பக்கத்து நாற்காலியில் சுஜா மேடம். வெயில் கண்ணைக் குத்தியது. கோலுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு கூட்டமோ கூட்டம். தாமோதரன் மீன் கூடை ஏதாவது இருக்கிறதா என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தார். இல்லை.

பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். இரண்டாம் பாதியில் அஜின் ஒரு கோல் அடித்தான். தாமோதரன் விரலைக் கீழே சுழற்றினார். எல்லோரும் பின்னால் வந்து அடைத்துக்கொண்டார்கள். ஐஸ் ஃபேக்டரிக்காரர்கள் முட்டி முட்டிப் பார்த்துக் களைத்துப் போனார்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான். ராத்திரிச் சாப்பாட்டின் வாசனையே தாமோதரனுக்கு வந்துவிட்டது.

அப்போது யார்டு அணி நின்றது.

அமீருதீன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். கோல்கீப்பர் கையை விரித்தபடி நின்றார். பந்தோடு வந்த ஐஸ் ஃபேக்டரி பையனுக்கே குழப்பமாகிவிட்டது.

"இன்னாச்சு பிரதர்?" என்று அமீருதீனைக் கேட்டான். அமீருதீன் கண்ணைக்கூட அசைக்கவில்லை. பையன் தயங்கித் தயங்கி, பந்தை நடத்திக்கொண்டே போய் கோலுக்குள் விட்டுவிட்டு, தப்பு செய்தவன் மாதிரி திரும்பிப் பார்த்தான்.

தாமோதரன் விரலை மேலே சுழற்றினார், கீழே சுழற்றினார். உள்ளே ஓடி அஜின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஓடுடா. ஆட்டத்த ஆரம்பிடா."

"யாரோ ஸ்டாப்பு காட்டுனாங்க, நைனா. கோலுக்குப் பின்னால, கூட்டத்துல," என்றான் அஜின் உதடு அசையாமல். "அவங்களேதான் ஓட சொல்லணும்."

"யாருடா அது?"

"வெயில்ல மூஞ்சி தெரில. கைதான் தெரிஞ்சிது."

ரெஃப்ரி விசில் ஊதினார். மறுபடி ஊதினார். கெஞ்சிப் பார்த்தார். யாரும் அசையவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, மேட்சை முடித்து வைத்தார். டிரா.

தாமோதரன் நேராகத் தவசிமுத்துவின் சட்டையைப் பிடித்தார்.

"உன் ஆளுதானேய்யா கைய ஆட்டுனது?"

"மாதா மேல சத்தியமா இல்ல மாமு. உன் பசங்க ஏன் நின்னானுங்கன்னு எனக்கே புரியல. கெலிக்கலன்னு பேஜாரா இருந்துச்சு, இப்போ உன்ன பாத்தா அதவிட பேஜாரா கீது."

தாமோதரன் புழுதியில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்தது. இனிச் சாகும்வரை ராத்திரி, கன்டெய்னர், ஆறிப்போன டிபன். மலர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கூட்டத்தில் அவளைத் தேடினார். காணவில்லை. இந்தக் கோலத்தைப் பார்க்கச் சகிக்காமல் வீட்டுக்குப் போயிருப்பாள்.

தலைக்கு மேல் நிழல் விழுந்தது. ஜி.எம். நின்றார்.

"டீமைக் கலைச்சாச்சு, தாமு."

"தெரியும் சார். நைட்டு எத்தினி மணிக்கு வரணும்?"

"என்ன நைட்டு?" என்று குறுக்கே வந்தார் சுஜா மேடம். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "கோல் விழுது, கோச் உலுக்குறார், ரெஃப்ரி கத்துறார், ஒருத்தர்கூட அசையல. இந்த ஒழுங்கை நான் எந்த யார்டுலயும் பார்த்ததில்லை. சார், ஸ்டாஃப் அத்தனை பேருக்கும் இனிமே இவர்தான் டிரெய்னிங் கொடுக்கணும். பகல் ஷிப்ட். நிரந்தரமா."

தாமோதரனுக்கு வீடு வந்து சேர்ந்தது எப்படி என்றே தெரியவில்லை. வழியில் ஜிலேபி வாங்கியது மட்டும் ஞாபகம் இருந்தது.

வீட்டில் பாத்திரமெல்லாம் தேய்த்து அலமாரியில் ஏறியிருந்தது. வாசலில் அவருடைய பழைய ராத்திரி ஷிப்ட் பையும், கழுவிக் கவிழ்த்த பிளாஸ்க்கும் தயாராக இருந்தன. என்ன பொறுமை, என்ன மனசு என்று அவருக்குக் கண் நிறைந்தது.

"மலரு, அந்த பைய தூக்கி பரண்ல போடு. இனிமே எனக்கு நைட்டு ஷிப்ட்டே கெடையாது. எல்லாருக்கும் டிரெய்னிங் குடுக்க போறேன், ரிட்டையர் ஆவற வரைக்கும் பகல்தான். அந்த சொம்பு டம்ளரெல்லாம் எறக்கு, இப்பவே பிராக்டிஸ ஆரம்பிச்சிடலாம்."

மலர் ஜிலேபியை வாங்கவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். வலது தோளை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"அப்போ நான் அந்த வெயில்ல நின்னுகினு, தோள்பட்ட கயண்டுபோற மாதிரி ரெண்டு கையையும் ஆட்டுனதெல்லாம் வேஸ்ட்டா?"