போர் விமானத்துக்குள்ளிருந்து மாப்பிள்ளை பார்த்த விவரம்

மகா கனம் பொருந்திய அத்தான் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மனைவியின் ஒரே தம்பியும் இக்குடும்பத்தின் உளவுத்துறைத் தலைவனுமாகிய அடியேன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடுப்பைத் தவிர மற்ற எல்லாம் சௌக்கியம். அங்கே அக்காவின் முழங்கால் வலியும் தங்கள் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நம் பெண் தனக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும், "பழைய விமானத்தைத் துடைக்கிறவனா? நீ போய்ப் பாத்துட்டு வா. நீ சரின்னா சரி, இல்லேன்னா இல்ல" என்று அவள் வாழ்க்கையை என் கையில் கொடுத்தீர்கள் அல்லவா, சரியான கை. நேற்று கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, யாரென்று காட்டிக்கொள்ளாமல், ராணுவ விமான அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். அத்தான், கொட்டகையா அது, ஒரு ஊரையே மடித்து மூலையில் வைத்துவிடலாம். நாலு என்ஜின் குண்டுவீச்சு விமானம் ஒன்று நிற்கிறது. அதன் ஒற்றை இறக்கையின் நிழலில் கல்யாணத்தையும் பந்தியையும் ஒன்றாக நடத்தி, மிச்ச இடத்தை வாடகைக்கு விடலாம். அடுத்து ஓர் ஆள் மட்டும் உட்காரும் போர் விமானம். ஏணி போட்டு, 'குழந்தைகள் ஏறிப் பார்க்கலாம்' என்று பலகை. நம் பையன் அதன் வாலைத் துடைத்துக்கொண்டிருந்தான். உயரத்திலிருந்து பார்த்தால்தான் குணம் முழுசாகத் தெரியும் என்று ஏறினேன். "பெரியவங்க ஏறக் கூடாது சார்" என்றான். "மனசளவுல நான் சின்னப் பிள்ளை தம்பி" என்று உள்ளே இறங்கினேன். உட்கார்ந்ததில் குறையில்லை. எழுந்திருப்பதில்தான் விமானத்துக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம். கீழே குழந்தைகள் வரிசை வாசல்வரை நீண்டது. அதில் ஓர் அம்மாள், "ஏங்க, பிள்ளைங்க எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்க, நானா சும்மா இருப்பேன், "இது ராணுவ விஷயம்மா, உங்களுக்குப் புரியாது. போய் ஹெலிகாப்டரைப் பாருங்க" என்றேன்.

பையன் கோபிக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. "மூச்சை வெளிய விடுங்க சார், பயப்படாதீங்க" என்று சோப்புத் தண்ணீரை இரண்டு பக்கமும் ஊற்றி, பிரசவம் பார்க்கிற மாதிரி என்னை உலகத்துக்கு மறுபடி கொண்டுவந்தான். "அடி பட்டுச்சா?" என்று என்னைக் கேட்டுவிட்டு அப்புறம்தான் விமானத்தைத் தடவிப் பார்த்தான். என்னையே தாங்கியவன் நம் குடும்பத்தைத் தாங்க மாட்டானா? அவன்தான் மாப்பிள்ளை. இனி மறுபேச்சு வேண்டாம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். மருமகளுக்கு, பதினாறு பேறும் ஏணி வைத்து ஏறி வரட்டும் என்று என் ஆசி. தங்களுக்கு, எழுந்து நிற்க முடிந்த மட்டும் மரியாதை.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது போன் வந்தது. வரிசையில் நின்ற அந்த அம்மாள்தான் பையனைப் பெற்றவராம். நம் பெண் காட்டிய குடும்பப் படத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டாராம். "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்? இதெல்லாம் ரத்தத்துல வர்றதா?" என்று கேட்டார். எனக்கு யோசிக்க நேரமில்லை. "நான் பொண்ணோட அப்பாவுக்குத் தம்பி. அந்தப் பக்கம் எல்லாருமே இப்படித்தான். பொண்ணு அப்படியே அம்மா ஜாடை, கவலைப்படாதீங்க" என்றேன். நிம்மதியாகி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறார்கள். அன்று ஒருநாள் நான் தங்கள் உடன்பிறப்பு. தாங்களும் என் மாதிரியே ஏதாவது செய்துகாட்ட வேண்டும். தங்களுக்கு அதில் பெரிய சிரமமிராது.