யோகம் டீச்சர் சொன்னதும் மேனகா சொன்னதும்

பொறாமையே இல்லை என்று சொல்லும் பெண்களை நான் நம்புவதில்லை. ஒன்று, பொய் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் அவர்களுக்கு ஓரகத்தி வாய்க்கவில்லை. எனக்கு வாய்த்தாள். பெயர் மேனகா. என் கணவரின் தம்பி மனைவி, என்னைவிட ஆறு வயது இளையவள், என்னைவிட நல்ல நிறம். (நிறத்தைப் பற்றி இதற்குமேல் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொன்னால் முடிக்கமாட்டேன்.)

இலங்கை மலைநாட்டில், தெமோதரையில் எங்கள் வீடு. கீழே நாங்கள் எல்லோரும் ஒரே அடுப்படியில் குடும்பம் நடத்துகிறோம். மேல்மாடி இரண்டு அறையையும் பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். நான் பதுளையில் ஒரு பாடசாலையில் ஆங்கில ஆசிரியை. பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் அரசாங்க நியமனம் வாங்கிய முதல் ஆள். அதனால் வீட்டில் ஆங்கிலம் என்றால் அது என் சொத்து. வங்கிக் கடிதம் வந்தாலும் மருந்துப் போத்தல் வந்தாலும் மாமி, என் கணவரின் அம்மா, என்னைத்தான் கூப்பிடுவார். “யோகம், இதுல என்னா போட்டிருக்குன்னு பாரு.” அந்த ஒரு வாக்கியத்துக்காக ஆயிரம் ரொட்டி சுடுவேன்.

மேனகா மருமகளாக வந்ததும் அந்தச் சொத்தில் விரிசல் விழுந்தது. அவள் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு எடுத்தது வெறும் எஸ், மட்டுமட்டான பாஸ். ஆனால் எல்லவில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் நான்கு வருஷம் இருந்தவள். வெளிநாட்டுக்காரர்களைக் கண்டால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் பேசுவாள். இலக்கணம் பார்க்க மாட்டாள். அவர்களும் பார்க்க மாட்டார்கள். நான் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கட்டி, காலம் பார்த்து, எழுவாய் பார்த்து வாயைத் திறப்பதற்குள் அவள் அவர்களோடு இரண்டு முறை சிரித்து முடித்திருப்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன் உக்ரைன் நாட்டிலிருந்து ஒரு தம்பதி மேல்மாடிக்கு வந்தார்கள். ஒக்ஸானா, தராஸ். ஊரில் யுத்தம். கனடாவுக்குப் போக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்கள். அதற்கு ஓர் ஆங்கிலப் பரீட்சை பாஸாக வேண்டும். “இந்த வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறாராமே” என்று அவர்களே கேட்டு வந்தபோது நான் மேனகாவைத் திரும்பிப் பார்த்தேன். (அந்தப் பார்வையைப் பற்றி இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அப்போது இனித்தது.)

தினமும் பின்னேரம் ஐந்து மணிக்கு வகுப்பு. சும்மா இல்லை, பாடக்குறிப்பு எழுதி டியூட் அடித்துக் கொடுத்தேன். முதல் பாடம், ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் ஒட்டும் முன்னொட்டுகள். அன், டிஸ், மிஸ், ரீ, ஓவர் என்று நான்கு பக்கம், அட்டவணையோடு. தராஸ் டியூட்டைப் பார்த்துவிட்டு, தங்கள் மொழியிலும் இது உண்டு என்றார். ‘போ’ என்பதற்கு முன்னால் ஒன்றை ஒட்டினால் வந்து சேர்ந்ததாம், இன்னொன்றை ஒட்டினால் வெளியே போனதாம். ஆனால் ஆங்கிலத்தில் எதற்கு அன், எதற்கு டிஸ் என்று பிடிபடவில்லை. ஒரு வாரம் மண்டையை உடைத்தோம்.

எட்டாம் நாள் நான் பாடசாலையிலிருந்து வந்தபோது இருவரும் எங்கள் அடுப்படியில் நின்றார்கள். மேனகா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டி வேகாமல் இருந்தால் ஒரு முன்னொட்டு, கருகினால் ஒன்று, நேற்றைய பருப்பைச் சூடாக்கினால் ஒன்று, பார்சலைப் பிரித்தால் ஒன்று. மூவரும் கத்திச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிழை இல்லை. என் நான்கு பக்க டியூட் மேசையில் கிடந்தது. அதன்மேல் சூடான ரொட்டியை வைத்திருந்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு நாகரிகமான சொல் எதுவும் கிடையாது.

அன்று முதல் வகுப்புக்கு நடுவே மேனகாவைப் பற்றியும் கொஞ்சம் படிப்பிக்கத் தொடங்கினேன். அவள் பேசுவது விடுதி ஆங்கிலம், அதைப் பழகினால் பரீட்சையில் கவிழ்வீர்கள் என்றேன். அவள் கழுவும் பாத்திரத்தை நான் மறுபடி கழுவ வேண்டியிருக்கிறது என்றேன். மாமிக்கு அவள்தான் மகாராணி, நான் சம்பளம் கொண்டுவரும் வேலைக்காரி என்றும் சொன்னேன். பாவம், இருவரும் தலையை ஆட்டிக் கேட்டார்கள். தராஸ் சில இடங்களில் குறிப்பும் எடுத்தார். கவனமான மாணவர் என்று நான் மகிழ்ந்தேன்.

அடுத்த பாடம், ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லும் வினைகள். அவர்கள் எல்லாவற்றுக்கும் ‘சொன்னார்’ என்றே போட்டார்கள். “எப்படிச் சொன்னார் என்பதைக் காட்டுங்கள். எச்சரித்தாரா, குறைகூறினாரா, மறுத்தாரா, ஒப்புக்கொண்டாரா?” என்று விளக்கினேன். ஆளுக்கு இரண்டு வாக்கியம் எழுதச் சொன்னேன். கற்பனை கூடாது, இந்த வீட்டில் உங்கள் காதால் கேட்டதை மட்டும் எழுத வேண்டும் என்று விரலை ஆட்டி வற்புறுத்தினேன். (ஆமாம். நானேதான்.)

அப்போது நவராத்திரி. வாணி விழாவில் மாணவர்கள் குருவுக்கு வெற்றிலைத் தட்டுக் கொடுத்து வணங்குவது எங்கள் வழக்கம் என்று அவர்களுக்குச் சாடையாகச் சொல்லிவைத்தேன். உடனே பதுளைக் கடைவீதிக்குப் போய்த் தட்டு வாங்கி வந்துவிட்டார்கள். பூசையன்று அவர்கள் எழுதிய வாக்கியங்களை எல்லோர் முன்னும் வாசித்து, பிறகு எனக்குத் தட்டைக் கொடுப்பதாக ஏற்பாடு. எங்கள் பாடசாலையின் பிரதி அதிபரையும் அழைத்தேன். மேனகா அடுப்படியில் கடலை அவிப்பாள், நான் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் நிற்பேன், மாமி பார்ப்பார். அந்தக் கிழமை பாடசாலையிலும் வாணி விழா இருந்ததால் வாக்கியங்களை மட்டும் நான் முன்கூட்டித் திருத்தவில்லை.

பூசை முடிந்தது. சேலை கட்டியிருந்த ஒக்ஸானா எழுந்து, தெளிவான ஆங்கிலத்தில் வாசித்தாள்.

“மேனகாவிடம் ஆங்கிலம் கற்க வேண்டாமென்று யோகம் டீச்சர் எங்களை எச்சரித்தார்.”

பிரதி அதிபர் முதலில் இலக்கணத்துக்காகத் தலையசைத்தார். பிறகுதான் பொருள் ஏறியது. ஆட்டிய தலை அப்படியே நின்றது. என் கணவர் கூரையில் எதையோ தேடினார்.

மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்தில் கடலைச் சட்டியோடு நின்ற மேனகாவிடம் கேட்டார். “என்னா சொல்லுது அந்தப் புள்ள?”

மேனகா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “கவனமாப் படிக்கணும்னு அக்கா சொல்லிக் குடுத்தாங்களாம் மாமி.”

அடுத்து தராஸ். “மேனகா கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவ வேண்டியிருப்பதாக டீச்சர் குறைகூறினார்.” சொல்லிவிட்டு, கழுவுவதற்கு முன்னால் ‘ரீ’ என்ற முன்னொட்டைச் சரியாகப் போட்ட பெருமையில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இது என்னாவாம்?” என்றார் மாமி.

“வீட்டு வேலையும் பாத்துக்கிட்டு இவங்களுக்கும் படிச்சுக் குடுக்குறாங்களேன்னு அக்காவப் பத்திப் பெருமையா சொல்றாரு.”

ஒருவர் இல்லாதபோது சொன்னதை அவர் இருக்கும்போது எடுத்துச் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதனால் அதை டியூட்டில் போடவில்லை. டீச்சர் முகத்துக்கு நேரே சொல்லாத எதையும் முதுகுக்குப் பின்னால் சொல்லியிருக்க மாட்டார் என்று அந்த இரண்டு அப்பாவிகளும் நம்பியிருந்தார்கள்.

“நேரமாச்சு, பிரசாதம் குடுத்துருவோமே” என்றேன்.

“இல்லங்க டீச்சர், வாசிக்கட்டும்” என்றார் பிரதி அதிபர். “பிழையே இல்லாம எழுதியிருக்காங்க.” அந்த மனிதர் ஒரு கைப்பிடி கடலையோடு வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

ஒக்ஸானா தொடர்ந்தாள். “இந்த வீட்டில் மேனகா மகாராணி, தான் வேலைக்காரி என்று டீச்சர் வலியுறுத்தினார்.”

இந்த முறை மேனகா சட்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினாள். குரல் மட்டும் மாறவில்லை. “மாமி நம்ம ரெண்டு பேரையும் மகாராணி மாதிரி பாத்துக்கிறாங்கன்னு அக்கா சொன்னாங்களாம்.”

மாமி நெகிழ்ந்து என்னைப் பார்த்தார். பத்து வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கடைசியாக தராஸ் வாசித்தார். “யோகம் அக்காவைப் போல முறையாகப் படிப்பிக்கத் தனக்கு ஒருநாளும் வராது என்று மேனகா எங்களிடம் ஒப்புக்கொண்டார்.”

மாமி அவளைப் பார்த்தார். மேனகா வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

“என்னாடி, இதுக்கு மட்டும் பேச்சக் காணோம்? யோகம், நீ சொல்லு. இதுல என்னா போட்டிருக்கு?”

நான் ஆசைப்பட்ட அதே கேள்வி. நல்ல பெண்ணாக இருந்தால் அந்த இடத்தில் மனம் திருந்தியிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வந்தது ஆத்திரம். ஆங்கிலத்தைப் பிடுங்கியது போதாதென்று, என்னைக் காப்பாற்றிய நல்ல பெயரையும் இவள் எடுத்துக்கொண்டு போவதா? பிரதி அதிபருக்குத் தெரியும், என் கணவருக்குத் தெரியும். சாகும்வரை இவளை எல்லோரும் தெய்வம் என்பார்கள். விடமாட்டேன்.

“மாமி, இவ சொன்னதெல்லாம் பொய்” என்று கத்தினேன். “நான் அப்படியெல்லாம் சொல்லவே இல்ல.” பிறகு மூன்று வாக்கியத்தையும் சொல்லுக்குச் சொல் சரியாகத் தமிழில் சொன்னேன். மகாராணி, வேலைக்காரி, பாத்திரம், எதையும் விடவில்லை. தராஸ் வாசித்த கடைசி வாக்கியத்தையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மாமி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். தராஸும் ஒக்ஸானாவும் தட்டை நீட்டியபோது நான் வாங்காமல் மேனகா பக்கம் கையைக் காட்டினேன். அவள் என் பக்கம் காட்டினாள். கடைசியில் மாமியே வாங்கி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

இருவரும் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்துக் கனடா போய்விட்டார்கள். நன்றி சொல்லி அனுப்பிய செய்தியில் இரண்டு பேருடைய பெயரும் இருந்தது. மேனகாவின் பெயர் முதலில் இருந்தது. அது அகரவரிசைப்படி என்று என் கணவர் இன்றுவரை சாதிக்கிறார்.

இப்போது நான் வீட்டில் யாரைப் பற்றி வாயைத் திறந்தாலும், மாமி கையை உயர்த்தி நிறுத்துவார். “இரு யோகம், இரு. நீ சொன்னா எனக்கு வெளங்காது. மேனகாவக் கூப்புடு, அவ சொல்லட்டும்.” வீடே சிரிக்கும். வந்த விருந்தாளிக்குக் கதை தெரியாவிட்டால் அதையும் முழுதாகச் சொல்லிவிட்டுச் சிரிக்கும்.

மேனகா மட்டும் சிரிக்க மாட்டாள். “பாவம், அக்காவச் சும்மா விடுங்க மாமி” என்பாள். அதைத்தான் என்னால் இன்னும் தாங்கவே முடியவில்லை.