கொக்கி இல்லாத வீடு

எந்த ஆர்க்கிடெக்டும் தன் முதல் வீட்டைச் உறவுக்காரர்களுக்குத்தான் கட்டுவார். மற்றவர்கள் உஷாராகத் தப்பித்துவிடுவார்கள். என்னிடம் மாட்டியவள் என் அக்கா பத்மா. என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவள். எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலை பின்னி, மயிலாப்பூரில் பள்ளிக்கூடம் வரை கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டவள். அதற்கெல்லாம் நான் செய்த கைம்மாறு என்ன என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அக்காவும் அத்திம்பேரும் தி.நகரில் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் குடியிருந்தார்கள். கீழே மாவு மில். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். மில்லில் மிளகாய் அரைக்கும் நாட்களில் ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு, தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்து மூச்சு விடுவாள். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: தூசியில்லாத, காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள், இப்படியே இருந்தால் நுரையீரல் தாங்காது. அத்திம்பேர் எப்போதோ கொட்டிவாக்கத்தில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். அப்போது அங்கே சவுக்கும் மணலும்தான். கடற்காற்று தாராளம்.

"ராஜிதான் கட்டணும்" என்றாள் அக்கா. "அவ படிச்சது பின்ன எதுக்கு?"

"அவ இதுக்கு முன்னாடி ஒரு கோழிக்கூடாவது கட்டியிருக்காளா, கேளு" என்றார் அத்திம்பேர்.

கட்டியதில்லை. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. அடையாறில் ஒரு சின்ன ஆபீசில் மற்றவர்களின் கழிப்பறைகளுக்கு டைல்ஸ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் கல்லூரி நூலகத்தில் ஒரு கட்டுரை படித்திருந்தேன். கரையான் புற்றைப் பற்றியது. வெளியே எவ்வளவு வெயில் கொளுத்தினாலும் புற்றுக்குள் குளுமையாக இருக்குமாம். சூடான காற்று மேலே ஏறி வெளியேற, கீழே இருக்கும் துளைகள் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வருமாம். மின்சாரமே வேண்டாம். ஆறு பக்கக் கட்டுரையில் நான் படித்தது நாலு பக்கம். கடைசி இரண்டு பக்கங்களை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். அதனால் என்ன, விஷயம்தான் புரிந்துவிட்டதே என்று விட்டுவிட்டேன். (அந்த வயதில் எனக்கு எல்லா விஷயமும் நாலாவது பக்கத்திலேயே புரிந்துவிடும்.)

கொட்டிவாக்கத்தில் ஒரு புற்று எழும்ப ஆரம்பித்தது. ஹாலுக்கு மேலே உயரமாக ஒரு காற்றுக்கூண்டு, அதன் வாய் மேற்குப் பார்த்து. கிழக்கே கடலைப் பார்த்த படுக்கையறையில் ஜன்னலுக்குக் கீழே, இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் ஜாலி. கடற்காற்று ஜாலி வழியே நுழைந்து, ஹாலுக்கு வந்து, கூண்டில் ஏறி மேற்கே போய்விடும். வாசலிலிருந்து ஹாலுக்கு நேராகப் போக முடியாது. தெருவின் சூடும் தூசியும் வழியிலேயே தங்கிவிடும்படி, சங்கு மாதிரி வளைந்து போகும் மூன்றடி அகல நடை. பின்வாசல் கிடையாது. வைத்தால் காற்றின் கணக்குத் தப்பிவிடும்.

"திருடன் வந்தா எந்தப் பக்கமா ஓடறது?" என்று கேட்டார் அத்திம்பேர்.

"இந்த நடையைப் பார்த்தா திருடனே வரமாட்டான், அத்திம்பேர்."

"அது வாஸ்தவம்தான்" என்றார் அவர்.

மேல்தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த அன்று மேஸ்திரி ஏழுமலை சாக்பீஸோடு வந்து நின்றார். கொக்கியைக் கம்பியோடு சேர்த்து அப்போதே கட்டிவிட வேண்டும். கான்கிரீட் இறுகிவிட்டால் பிறகு நடக்காது.

"இன்ஜினீரம்மா, ஃபேன் கொக்கி எங்கெங்க வோணும்? மார்க் போட்டுக் குடு."

"கொக்கி வேண்டாம், மேஸ்திரி."

"வோணாமா? இன்னாம்மா சொல்ற? அப்பால ஃபேனை எங்க மாட்டுவ?"

"ஃபேனே கிடையாது. கரையான் ஃபேன் போட்டுண்டா புத்துக்குள்ள இருக்கு?"

ஏழுமலை சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டார். "கரையானுக்கு வேர்க்குமா வேர்க்காதான்னு எனக்குத் தெரியாது. உங்க அக்காவுக்கு வேர்க்கும்மா."

நான் சிரித்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், மனிதர் எனக்குத் தெரியாமல் நாலு கொக்கிகளைக் கட்டி வைத்திருந்தார். நானே ஏணியில் ஏறி நாலையும் அவிழ்த்துப் போட்டேன். பீம் மேல் நின்றுகொண்டு பின்னலைத் தூக்கிப் பின்னால் எறிந்தது கூட நினைவிருக்கிறது. அந்தப் பெண்ணை இப்போது பார்த்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.

வீடு எழும்பியதும் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, ஆபீசிலிருந்து பஸ் பிடித்துப் போய், ஜாலி ஓரத்தில் ஊதுபத்தி கொளுத்திப் பார்ப்பேன். புகை சொன்ன பேச்சு கேட்கும். படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வந்து, கூண்டில் ஏறி, மேற்கே போய்விடும். ஒரு நாள் கூடத் தவறியதில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் புகை ஏறுவதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்காகவா டீ இத்தனையும்?" என்றாள்.

ஏழுமலைக்கு மட்டும் திருப்தியில்லை. "நாலு மணிக்கு கடல் காத்தும்மா. அது எதத்தான் தூக்கினு போவாது? காலைல காத்து மேக்கேர்ந்து வரும். ஒரு நாளு காலைல வந்து கொளுத்திப் பாரு."

பார்க்கலாம் என்றேன். அவசரம் என்றால் ஒழிய எட்டு மணிக்கு முன் எழுந்திருக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் தூக்கத்துக்கும் என் அக்காவின் நுரையீரலுக்கும் நடந்த போட்டியில் தூக்கம் ஜெயித்தது.

கத்திரி வெயில் முடிந்த வைகாசியில் கிரகப்பிரவேசம். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள். எந்த கிரகப்பிரவேசமும் விடிகாலையில்தான் நடக்கும் என்பது தமிழ்நாட்டில் குழந்தைக்குக் கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அதையும் காற்றையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை.

தி.நகரில் கிளம்பும்போது அக்கா தன் கைப்பையில் இன்ஹேலரை வைத்துக்கொண்டிருந்தாள். நான் அதை வெளியே எடுத்தேன். "புது ஆத்துக்குள்ள இதோட நுழையப் போறியா? இனிமே இதுக்கு அங்க வேலையே இல்ல" என்று சொல்லி ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். அக்கா ஒரு விநாடி தயங்கினாள். பிறகு, "சரி, நீ சொன்னா சரி" என்று சிரித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கோமாதாவைத்தான் முதலில் வீட்டுக்குள் அழைக்க வேண்டும். மாட்டுக்காரர் வரத் தாமதமாயிற்று. நேரம் போகிறது என்று சாஸ்திரிகள் ஹோமத்தை ஆரம்பித்துவிட்டார். காற்றுக்கூண்டுக்கு நேர் கீழே ஹோமகுண்டம். அது என் யோசனை. புகை நேராக மேலே போய்விடும் என்று பெருமையாக இடம் காட்டியிருந்தேன்.

மேற்கேயிருந்து வந்த காற்று கூண்டின் வாயில் நுழைந்து நேராகக் கீழே இறங்கியது. அக்னி பக்கவாட்டில் சாய்ந்தது. "அக்னி அணையறது, ஜன்னலையெல்லாம் சாத்துங்கோ" என்றார் சாஸ்திரிகள். சாத்தினார்கள். நெய்யை ஊற்றிச் சமித்தைப் போடப் போட, புகை மேலே போவதும் கூண்டுக் காற்று அதைத் திருப்பி அனுப்புவதுமாக, ஐந்து நிமிஷத்தில் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. அக்கா இருமினாள். வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று யாரோ கத்தினார்கள்.

நடையில் மாடு நின்றுகொண்டிருந்தது.

மாட்டுக்காரர் அப்போதுதான் வந்து, உள்ளே நடந்துகொண்டிருப்பது தெரியாமல், அதை நடைக்குள் ஓட்டிவிட்டிருந்தார். பாதி வளைவில் அது புகையைப் பார்த்து நின்றுவிட்டது. முன்னால் வராது. திரும்ப இடமில்லை. பின்னால் போக மாட்டுக்குத் தெரியாது. மாட்டுக்காரர் வாலைப் பிடித்து இழுக்க, அத்திம்பேர் கொம்பைப் பிடித்துத் தள்ள, மாடு நின்ற இடத்திலேயே கோமியம் விட்டது. புகைக்குள்ளிருந்து, "ரொம்ப விசேஷம், ரொம்ப விசேஷம்" என்று சாஸ்திரிகளின் குரல் இருமிக்கொண்டே கேட்டது. வீட்டுக்கு வேறு வாசல் இல்லை.

அக்காவைக் கிழக்கு அறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஜன்னலைத் திறந்தேன். காற்று எந்த வழியாகப் போகவேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேனோ, அதே வழியில் புகை தலைகீழாகத் திரும்பி, வீட்டில் இருந்த அத்தனையும் அந்த அறைக்கு வந்து சேர்ந்தது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். காற்று உள்ளே போகவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. ஒரு கையால் இடுப்பில் இருந்த கைப்பையைத் திறந்து துழாவினாள். பிறகு கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வருஷம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏழுமலை மரியாதைக்கு வேட்டி, துண்டு வாங்கிக்கொள்ள வெளியே புதுச்சட்டையோடு காத்திருந்தார். ஜன்னலில் அக்காவின் முகத்தைப் பார்த்ததும், கட்டட சாமான் வைத்திருந்த ஷெட்டுக்கு ஓடினார். "அந்தாண்ட தள்ளு!" என்ற சத்தம்தான் கேட்டது. கடப்பாரை ஜாலியில் இறங்கியது. தான் கட்டியதை எங்கே அடித்தால் விழும் என்று கட்டியவருக்குத்தானே தெரியும். நாலு போடில் ஜாலி உதிர்ந்தது. அந்த ஓட்டை வழியாக அக்காவைப் பட்டுப்புடவையோடு மணலுக்கு இழுத்தார்கள்.

அவளைச் சமையல்காரரின் டெம்போவில் ஏற்றினோம். வேறு வண்டி கிடையாது. மூடியை மீறி சாம்பார் அலம்ப, அண்டாக்களுக்கு நடுவில் அவள் தலையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். ஏழுமலை டெம்போவின் பின்கதவைச் சாத்தும்போது கூண்டை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்ஜினீரம்மா, கோச்சுக்காத. கரையான்கூட புத்துக்குள்ள ஓமம் வளக்காதும்மா."

அடையாறில் ஒரு நர்சிங் ஹோமில் இரண்டு நாள் ஆக்ஸிஜன். மொத்தம் பதினோரு நாள். டெம்போவிலிருந்து இறக்கும்போது பிழைப்பாளா என்று நான் கேட்டேன்; அங்கிருந்த டாக்டர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். மூன்றாம் நாள் அவள் பேச ஆரம்பித்ததும் அவர் அதட்டினார்: "இவ்ளோ வீசிங் இருக்கறவங்க இன்ஹேலர் இல்லாம வெளிய வரலாமா?"

அக்கா கட்டிலில் சாய்ந்தபடி சொன்னாள்: "மறந்துட்டேன், டாக்டர்."

நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அத்திம்பேர் பக்கத்தில் இருந்தார். நான் எடுத்து வைத்தேன் என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் அந்த வீட்டுக்குத்தான் குடிபோனார்கள், மூன்று மாதம் கழித்து. கூண்டின் வாயை ஏழுமலை செங்கல் வைத்து அடைத்தார். தளத்தில் கொக்கி இல்லாததால் சுவருக்குச் சுவர் இரும்புப் பைப் கொடுத்து அதில் ஃபேன் மாட்டினார்கள். மழைக்காலத்தில் அதே பைப்பில் துணியும் காயும். ஏழுமலை இடித்த ஓட்டைக்கு நிலை வைத்துக் கதவு போட்டார்கள். வீட்டிலேயே நல்ல காற்று வருவது இன்றும் அந்த வழியாகத்தான்.

கட்டுரையின் கடைசி இரண்டு பக்கங்களைப் பல வருஷம் கழித்து வேறொரு நூலகத்தில் படித்தேன். புற்று தானாக எதுவும் செய்வதில்லை. வெயிலும் காற்றும் மாற மாற, கரையான்கள் ஓயாமல் ஒரு துளையை அடைத்து இன்னொன்றைத் திறந்துகொண்டே இருக்கின்றன. அவை காலையில் தூங்குவதில்லை.

அக்காவின் நுரையீரல் பழையபடி ஆகவில்லை. அன்றைய புகையால்தான் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

எங்கள் குடும்பத்தில் யார் வீடு கட்டினாலும், கல்யாணத்துக்குக் கூடினாலும், இந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். சொல்வது அக்காதான். கொக்கி, ஊதுபத்தி, மாடு, சாஸ்திரிகளின் "ரொம்ப விசேஷம்", எல்லாம் அவள் வாயால் கேட்க வேண்டும். நடுவில், "நான் மண்டு, இன்ஹேலரை மறந்துட்டு வந்துட்டேன்" என்பாள். உடனே அத்திம்பேர், "அவளுக்கு எப்பவும் மறதி" என்று தலையில் அடித்துக்கொள்வார். அவர் இதைப் படித்தால் படிக்கட்டும். படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் அக்கா முழுக் கதையையும் மூச்சு விடாமல் சொல்வாள். இப்போது டெம்போ வரைதான் முடிகிறது. அங்கே நிறுத்தி, மடியிலிருந்து இன்ஹேலரை எடுத்துக்கொண்டே, மற்றதை நீ சொல் என்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டுவாள். ஏழுமலை சொன்னதை நான் அவர் குரலிலேயே சொல்லி முடிப்பேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்கா மட்டும் சிரிக்கமாட்டாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும்.