மகளின் புரொஜெக்டில் என் பங்களிப்பு

மீனைப் புகழ்ந்துதான் ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐஸில் இரண்டு நாள் கிடந்த சூரை மீனைக்கூட இப்போதுதான் கரைக்கு வந்தது என்று சொல்ல எனக்கு நா கூசியதில்லை (அல்லாஹ் மன்னிக்கட்டும்). பெற்ற பிள்ளையைப் பற்றி மட்டும் பிறத்தியாரிடம் ஒரு நல்ல வார்த்தை வராது. கண் பட்டுவிடும். என் உம்மா என்னை எல்லார் முன்னாலும் பேயன் என்றே சொல்லுவார். பாசம்தான் (என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்).

கடைக்குட்டி சிபானா கம்பியூட்டர் படித்தாள். கடைசி வருடத்தில் நாலு பேர் சேர்ந்து போனுக்கு ஓர் 'அப்' செய்ய வேண்டும். நான் மருதமுனையில் மீன் பெட்டியைக் கட்டி மோட்டார் சைக்கிளைக் கிளப்பினால், சவளக்கடை வீடுகளின் போனில் இன்றைக்கு என்ன மீன் என்று வந்து விழும். அதுவரை என் ஹோர்ன்தான் அந்த வேலையைச் செய்தது. அந்த ஹோர்ன் ஒரு லொறிக்காரன் தந்தது. அவன் கதை வேறு, விடுங்கள்.

நாலு பேரும் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். றிஸ்வான் என்ற பொடியன் அப்புக்குப் பெயர் வைத்தான். அதற்கு மூன்று வாரம் போனது. இன்னொருவன் மீன் படம் வரைந்தான். அந்த மீனுக்குக் கண் இமை இருந்தது. மூன்றாவது பிள்ளை, கூட்டம் எப்போது என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பும். மூலையில் குந்தியிருந்து தட்டிக்கொண்டே இருந்தது சிபானா மட்டும்.

பரீட்சை நாளில், அப்பைப் பாவிக்கிற ஆள் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். வேலை செய்யாதவருக்குப் புள்ளி இல்லை, இன்னொரு வருடம் படிக்க வேண்டும் என்று முதலே சொல்லியிருந்தார்கள். புள்ளி போட வந்த சேர் என் பக்கம் திரும்பினார்.

"காக்கா, இந்த நாலு பேர்ல ஆருட வேல ஆகக் கூட?"

"எங்கட புள்ளயக் கேக்காதீங்க சேர். அதுக்கு ஒண்டும் தெரியா. மூலைல சும்மா குந்திட்டு இரிக்கும். இந்தா, றிஸ்வான் தம்பிதான் ராப்பகலாப் பாடுபட்டது."

மரியாதையாகக் கதைத்த திருப்தியில் சாய்ந்து உட்கார்ந்தேன். சேர் எழுதிக்கொண்டார். சிபானாவின் முகம் வெளுத்துப்போனது.

சேர் கம்பியூட்டரை றிஸ்வானிடம் தள்ளி, மீன் பட்டியலில் கணவாயைச் சேர்த்துக் காட்டச் சொன்னார். றிஸ்வான் திரையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், கடைசியில் சிபானாவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழும்பிவிட்டேன்.

"சேர், நான் சொன்னது ஒரு மரியாதைக்கு. எங்கட புள்ளட வேலயச் செவுளத் தூக்கிப் பாருங்க, ரெத்தம் மாதிரி இரிக்கும்."

சேர் சிரிக்கவில்லை. கம்பியூட்டரை அவளிடம் கொடுத்தார். கணவாய் வந்தது. யார் எந்த வரியை எழுதியது என்று கம்பியூட்டரே பதிந்து வைக்குமாம். அதையும் திறந்து பார்த்தார். எல்லாம் அவள் பெயர். பாஸ். பிறகு என்னை எதற்குக் கேட்டார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் போய் இருந்தாள். ஒரு மாதம் கழித்து எல்லாவற்றையும் இங்கிலீசில் புத்தகமாகக் கட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிரதியில், யார் யார் என்ன செய்தார்கள் என்ற பக்கத்தைக் காட்டி, "உங்கட பேரும் இரிக்கி வாப்பா" என்றாள். எனக்கு இங்கிலீஸ் தெரியாது. இரண்டு வருடமாக வந்தவர் போனவருக்கெல்லாம், பள்ளிவாசல் தலைவருக்கும்கூட, அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். எல்லாரும் வாசித்துவிட்டு இருமினார்கள். போன பெருநாளில்தான் மூத்த மருமகன் அதைச் சத்தமாகத் தமிழில் சொன்னார்: மீன் வியாபாரி, ஒரே பதிலில் மகளைப் பெயிலாக்கப் பார்த்தவர்.

இப்போது கறி அடிப்பிடித்தாலும் டயர் வெடித்தாலும் வீட்டில் ஒரே கேள்விதான்: "இது வாப்பாட பங்களிப்பா?"

ஓம் என்றுதான் சொல்கிறேன். பெயர் அச்சில் இருக்கிறதே.